தலைப்பு எழுதாத இரண்டு அரைத்தாள்கள்

1932-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 14-ஆம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். நல்ல மழை. விடியற்காலை நாலரைக்குப் பிடித்தது, ஆறு மணி பத்து நிமிடமாக விட்டபாடில்லை. பள்ளிக்கூடத்துக் கூரையில் ஆறு இடத்தில் ஒழுகியது. ஏழாவது இடம் என் மேசைக்கு நேர் மேலே. அது பன்னிரண்டு மணிக்குத்தான் தொடங்கியது.

மலாயாவில், சிம்பாங் ரெங்கத்திலிருந்து உள்ளே நாலரை மைல் தள்ளி இருந்த ரப்பர் தோட்டம் அது. நான் அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார். தலைமை வாத்தியாரும் நானே, கடைசி வாத்தியாரும் நானே. மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது. காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டுவிட்டு ஆட்களை அவர்கள் குடியிருக்கும் லயத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்பா அம்மாவுக்குப் பால் பிடிக்கும் மங்கு கழுவப் போகும் பிள்ளைகளும் அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடும். வெயில் நாளில் இருபத்தொன்பது, மழை நாளில் நாற்பத்தேழு. கல்வி எங்கள் தோட்டத்தில் மழையை நம்பித்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடமிருந்து மூன்று வரிக் கடிதம் வந்திருந்தது. தோட்டத்துப் பிள்ளைகளில் மிகவும் புத்திசாலியான ஒரு பிள்ளையைத் தோட்டத்துச் செலவில் குளுவாங் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப முடிவாகியிருக்கிறது. சோதித்துப் பார்த்து, பெயரும் எண்ணும் எழுதிய பட்டியலைத் திங்கட்கிழமை பகலுக்குள் ஆபீசுக்குக் கொடுக்க வேண்டியது. துரைக்குத் திடீரென்று இந்த எண்ணம் எப்படி வந்தது என்று கேட்கிறீர்களா. பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒரு பிள்ளையை அனுப்பிவிட்டு அதைக் கிளப்பில் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

புத்திசாலியை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதில் தோட்டத்தில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை, எனக்கு ஒருவனுக்குத்தான் இருந்தது. கையெழுத்து யாருக்கு அழகோ அவன்தான் என்றார் ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி; அவர் கையெழுத்து அழகு. தலை யாருக்குப் பெரிதோ அவன்தான் என்றார் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர். தன் தலைக்குத் தொப்பி வாங்க அவர் சிங்கப்பூருக்குப் போக வேண்டியிருந்தது. நான் கணக்கு என்றேன். அது ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

உண்மையில் சோதனையே தேவையில்லை. அந்தப் பிள்ளை யார் என்று எனக்கு இரண்டு வருஷமாகத் தெரியும். மூன்றாவது வரிசையில் தூணோரம் உட்காரும் பதினொரு வயதுப் பெண். அவள் அப்பா பால்வெட்டு ஆள். ஏப்ரல் ஒன்றாம் தேதி முதல் புல் வெட்டும் கும்பலில் அவள் பெயரைச் சேர்க்கக் கொடுத்திருந்தார். அதன் பிறகு மழை நாளில்கூட அவள் வரமாட்டாள். என் ஒன்பது வருஷ வேலையில் அப்படிப் புல்லுக்குப் போன பிள்ளைகள் பதினேழு, எண்ணி வைத்திருக்கிறேன். பதினெட்டாவது இவளாக இருக்கக் கூடாது என்று எனக்கு இருந்தது. துரையின் கடிதம் வந்தபோது, ஒன்பது வருஷத்தில் முதல் முறையாக ஆபீசிலிருந்து வந்த காகிதம் ஒன்றை இரண்டு தடவை சந்தோஷமாகப் படித்தேன்.

ஐந்து கணக்குச் சொன்னேன். ஒன்றுக்கு ஒரு மார்க்கு. பிள்ளைகள் சிலேட்டில் போட்டுக் காட்ட வேண்டும். ஐந்தாவது கணக்கு இது: ஓர் ஆள் ஒரு நாளில் முந்நூறு மரம் வெட்டினால், எட்டு ஆள் ஆறு நாளில் எத்தனை மரம் வெட்டுவார்கள். அந்தப் பெண் விடையை எழுதி, அதன் கீழே சின்னதாக 'மழை பெய்யாவிட்டால்' என்று எழுதியிருந்தாள். இதற்கு அரை மார்க்குக் குறைப்பதா கூட்டுவதா என்று மூன்று நிமிடம் யோசித்தேன். அப்புறம் ஐந்துக்கு ஐந்து போட்டேன். வேறு யாருக்கும் ஐந்து இல்லை.

அந்த நேரத்தில் டிரஸ்ஸர் குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தார். நாற்பத்தேழும் ஓர் இடத்தில் கிடைப்பது மழை நாளில் மட்டும்தான் என்பது அவருக்கும் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கட்டி பார்க்க வேண்டும். மலேரியா வந்து வந்து போன பிள்ளைக்கு இடது பக்கம் விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கிக் கட்டியாக இறங்கியிருக்கும். பிள்ளையைப் பெஞ்சில் படுக்க வைத்து, எத்தனை விரற்கடை இறங்கியிருக்கிறது என்று தொட்டு எண்ணுவார்.

"வாத்தியாரே, ஈரக் கையில பென்சில் புடிக்க முடியல. நான் சொல்லச் சொல்ல எழுதிடுங்க."

"எழுதலாம். தாள் எங்க?"

"உங்ககிட்ட இல்லையா?"

பள்ளிக்கூடத்துத் தாள் பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. என் கைக்காசில் வாங்கிய தாள் ஒன்றே ஒன்று இருந்தது, விலை ஒரு காசு. அதை டிரஸ்ஸரிடம் சொன்னேன், பிள்ளைகளிடமும் சொன்னேன். அதை இரண்டாகக் கிழித்தேன். ஒரு பாதியில் கணக்கு மார்க்கு, ஒரு பாதியில் கட்டி. இரண்டிலும் நாற்பத்தேழு பெயர். அரைத்தாளில் நாற்பத்தேழு பெயர் எழுதினால் தலைப்புக்கு இடம் இருக்காது. எது எதுவென்று எனக்குத் தெரியாதா என்ன என்று தலைப்பை விட்டுவிட்டேன்.

கணக்கில் பூஜ்யம் முதல் ஐந்து வரை. கட்டியிலும் பூஜ்யம் முதல் ஐந்து வரை. கட்டியில் ஐந்து விரற்கடை ஒருவனுக்குத்தான். கடைசி வரிசையில் சுவரில் சாய்ந்து தூங்கும் பையன். வயிறு பானை மாதிரி, முகம் பால் மாதிரி. கணக்கில் அவனுக்குப் பூஜ்யம். சிலேட்டில் ஒன்றும் எழுதவில்லை, சிலேட்டைத் தலைக்கு வைத்திருந்தான். கணக்கில் ஐந்து வாங்கிய பெண்ணுக்குக் கட்டியில் பூஜ்யம்.

இரண்டு அரைத்தாளையும் மேசைமேல் வைத்து ஒரு கல்லை வைத்தேன். மேலே கணக்கு, கீழே கட்டி. பன்னிரண்டு மணிக்கு மேசைக்கு மேலே ஒழுகத் தொடங்கியது. டிரஸ்ஸர் தாள்களை எடுத்துத் துடைத்து, தன்னுடையதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடி கல்லுக்கு அடியில் வைத்தார். பன்னிரண்டு இருபதுக்குப் பெரிய கிராணி சைக்கிளில் வந்தார். நான் கூரைக்குக் கீழே வாளி வைத்துக்கொண்டிருந்தேன்.

"துரை லிஸ்ட்டு கேக்கறாரு."

"மேல இருக்கறது," என்றேன், திரும்பிப் பார்க்காமல்.

அவர் மேலே இருந்ததை எடுத்துப் போனார். கீழே இருந்ததை டிரஸ்ஸர் எடுத்துப் போனார்.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் துரையே பள்ளிக்கூடத்துக்கு வந்தார். ஒன்பது வருஷத்தில் நான்காவது முறை. நேராகக் கடைசி வரிசைக்குப் போய் அந்தப் பையனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பையன் கண்ணைத் திறந்தான், மறுபடி மூடினான்.

"வாத்தியார், இவன் யோசிக்கறான்," என்றார் துரை. தோட்டத்துத் துரைமார் பேசும் தமிழ் அது.

"பெரிய அறிவாளிங்க யாரும் அதிகம் பேச மாட்டாங்க துரை," என்றார் கூட வந்த கிராணி. "நான் அப்பவே பாத்தேன், இவன் பார்வையே வேற."

நான் ஐந்து போட்டது அந்தப் பெண்ணுக்கு. ஆனால் துரை சொல்லிவிட்டார். அவர் போன பிறகு நானும் அந்தப் பையனை இரண்டு பக்கமும் நின்று பார்த்தேன். ஒரு பக்கத்திலிருந்து பார்க்கும்போது யோசிப்பது போலத்தான் இருந்தது. மத்தியானம் ஆபீசுக்குப் போய்க் கிராணியிடம் கேட்டேன்.

"லிஸ்ட்டு சரியா பாத்தீங்களா?"

"உங்க லிஸ்ட்டு, உங்க எழுத்து. அஞ்சு போட்டிருக்கீங்க. ஏன், கூட்டிப் போட்டுட்டீங்களா?"

என் கணக்கில் நானே சந்தேகப்பட்ட நாள் என் வாழ்நாளில் அது ஒன்றுதான். சிலேட்டுகளையெல்லாம் அழித்தாயிற்று, சரிபார்க்க ஒன்றும் இல்லை. நான்கு இரவு தூக்கம் இல்லை. வெள்ளி இரவு மட்டும் ஒன்றரை மணி நேரம் தூங்கினேன்.

சனிக்கிழமை காலை அந்தப் பெண் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். கையைக் காதில் வைத்திருந்தாள்.

"சார், புத்திக்கு மருந்து உண்டா?"

"எந்த மருந்து?"

"டிரஸ்ஸர் ஐயா குடுக்கறது. கசக்கறது. காதுல வண்டு கத்தற மாதிரி இருக்கு சார்."

கொய்னா மருந்து; குடித்தால் காது இரையும். காய்ச்சல் கட்டி உள்ளவர்களுக்கு விரற்கடைக்கு ஒரு நாள் வீதம் கொடுப்பது. இவளுக்கு எதற்கு என்று கேட்டேன்.

"அதத்தான் நானும் கேக்கறேன். செவ்வாக்கெழமேலருந்து குடுக்கறாரு. ஒரு கணக்கு சரியா போட்டவங்களுக்கு ஒரு நாள். ரெண்டு போட்டவங்களுக்கு ரெண்டு நாள். நேத்தோட நாலு போட்டவங்களுக்கு முடிஞ்சிருச்சு. இன்னைக்கு நான் ஒருத்திதான் குடிச்சேன். கடைசி வரிசைல தூங்கறானே, அவனுக்கு ஒரு நாளும் குடுக்கல. அவன்தான் ஒண்ணுமே போடலியே."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். நான்கு பெரியவர்கள், அதில் ஒருவர் வெள்ளைக்காரர். ஐந்து நாளாக எங்களுக்குத் தெரியாததை, ஐந்து மடக்குக் கொய்னா குடித்து அவள் கண்டுபிடித்துவிட்டாள். டிரஸ்ஸர் துடைத்து வைத்தபோது கணக்குத் தாள் கீழே போய், கட்டித் தாள் மேலே வந்திருக்கிறது. எங்கள் தோட்டம் அறிவுள்ள பிள்ளைகளைச் சோதித்து, வரிசைப்படுத்தி, ஒவ்வொருவருக்கும் அறிவின் அளவுக்குத் தக்கபடி கசப்பு மருந்து கொடுத்திருந்தது. அவர்களுக்காக ஒரு தோட்டம் அதற்கு மேல் என்ன செய்யும்.

முதலில் டிரஸ்ஸரிடம் போனேன்.

"நீங்கதானே வயித்தத் தொட்டுப் பாத்தீங்க. இந்தப் புள்ளைக்குக் கட்டி இல்லைன்னு ஞாபகம் இல்லையா?"

"நாப்பத்தேழு வயிறு வாத்தியாரே. எதுன்னு ஞாபகம் வச்சிருக்கறது. லிஸ்ட்டுல அஞ்சுன்னு இருந்துச்சு." அப்புறம், "கொய்னா யாரையும் கெடுக்காது. வெளிய சொல்லிடாதீங்க," என்றார்.

கிராணி இன்னும் தெளிவாகப் பேசினார்.

"துரை கையெழுத்து போடறதுக்கு முந்தி அது கட்டி. போட்ட பெறகு அது மார்க்கு. பேசாம போங்க. சம்பளம் இருவத்தஞ்சுலருந்து இருவதாக் கொறஞ்சு மூணு மாசம்தான் ஆகுது. பதினஞ்சாகணுமா?"

அது நியாயமான கேள்வி. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதைப் பற்றி யோசித்தேன். ஏப்ரல் ஒன்றுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. திங்கட்கிழமை பதினொரு மணிக்கு ஆபீசுக்குள் போனேன்.

"துரை, லிஸ்ட்டு மாறிப் போச்சு. அனுப்பினது காய்ச்சல் கட்டி லிஸ்ட்டு. புத்திசாலி அந்தப் பையன் இல்லை, ஒரு பொண்ணு."

துரை சுருட்டைக் கீழே வைத்தார்.

"நான் கிளப்புல சொல்லியாச்சு."

"தெரியும் துரை."

"பையன் அவன் அப்பாகிட்டயும் சொல்லியாச்சு. அந்த ஆள் இங்கே வந்து அழுதான். இப்போ நான் போய் என்ன சொல்றது? உன் பையன் மூளை இல்லை, கட்டி சொல்றதா?"

துரை மேசை டிராயரைத் திறந்து அந்த அரைத்தாளை எடுத்து, மேல் ஓரத்தைப் பார்த்தார்.

"யார் தலைப்பு எழுதலே?"

"நான்தான்."

"ஏன்?"

"தாள் பத்தல துரை."

துரை சிரித்தார் என்று நினைக்கிறேன். வெள்ளைக்காரர்கள் சிரிப்பது எனக்குச் சரியாகத் தெரியாது. "சரி. பையன் போவான். பொண்ணும் போகட்டும். பையனுக்கு நான் கட்டறேன். பொண்ணுக்கு நீ கட்டு. உன் மிஸ்டேக், உன் காசு."

என் சம்பளம் மாதம் இருபது வெள்ளி; ஒரு வெள்ளிக்கு நூறு காசு. பள்ளிக்கூடக் கட்டணம் மாதம் ஒன்றரை வெள்ளி. துணிமணி, புத்தகம் வேறு. ஆபீசிலிருந்து லயத்துக்கு அறுநூற்று முப்பது அடி எடுத்து வைக்க வேண்டும். நானூறாவது அடியில் திரும்பிவிடலாம் என்று நின்றேன். மழை மறுபடி தூற ஆரம்பித்தது. நனையாமல் ஒதுங்க அந்தப் பெண்ணின் வீடுதான் கிட்டத்தில் இருந்தது.

அவள் அப்பா வாசலில் உட்கார்ந்து வெட்டுக்கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கத்தியைத் துடைத்து வைத்துவிட்டுச் சொன்னார்:

"படிக்கட்டும் ஐயா. எனக்கென்ன. குளுவாங்குல என் தங்கச்சி ரயில்வே வீட்டுல இருக்கா, ரெண்டு கைக்கொழந்த. இது போனா தூக்கி வச்சுக்க ஆளாச்சு, சோறு அவ போடுவா. ஆனா புல்லுக்குப் போனா நாளைக்குப் பதினஞ்சு காசு. மாசம் இருவத்தாறு நாளு. மூணு வெள்ளி தொண்ணூறு காசு. அத யாரு தருவா?"

"அதையும் நானா?"

"பின்ன நானா ஐயா? தலைப்பு எழுதாதது நானா?"

தோட்டத்தில் எதுவும் ஒளியாது. அப்போது உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது.

"அப்பா, மழை நாளுக்குப் புல்லு கெடையாது. மாசத்துல ஆறு நாள் தள்ளு. மூணு வெள்ளிதான்."

"நீ சும்மா கெட."

"நான் இங்க தின்ற அரிசி, கருவாடு, எண்ணெ எல்லாம் ரெண்டு வெள்ளி. அதயும் தள்ளு. அத்த வீட்டுலதானே திங்கப் போறேன். ஒரு வெள்ளிதான் உனக்கு நட்டம்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"இவ இங்க இருந்தா எனக்குத்தான் நட்டம் போலருக்கு," என்றார் அவர். மாதம் ஒரு வெள்ளிக்குச் சம்மதித்தார். ஆக இரண்டரை வெள்ளி; என் சம்பளத்தில் எட்டில் ஒரு பங்கு. புல்லுக் கும்பலில் எழுதியிருந்த பெயரைக் கிராணி மறுநாள் அடித்தார், அழகான கோடு போட்டு.

ஏப்ரல் ஒன்றாம் தேதி இரண்டு பிள்ளைகளும் ஒரே லாரியில் போனார்கள். பையனைக் குளுவாங் பள்ளிக்கூடத்தில் பார்த்த மாத்திரத்தில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். ஏழு வாரம் படுக்கை. எங்கள் தோட்டத்தில் அவனுக்குக் கிடைக்காத கொய்னா அங்கே கிடைத்தது. கட்டி கரைந்தது, முகத்தில் ரத்தம் வந்தது, விழித்துக்கொண்டான். விழித்த பிறகு படித்தான். முதல் பத்து பேரில் இல்லை, முதல் இருபதில் இருந்தான். துரை அதைக் கிளப்பில் சொன்னார். தனக்குப் பார்த்தவுடனே தெரிந்தது என்று சொன்னாராம்.

இங்கே பள்ளிக்கூடத்தில் நடந்ததைத்தான் நான் யாரிடமும் சொல்வதில்லை. ஏப்ரல் மாதக் கணக்குச் சோதனையில் மீதியிருந்த நாற்பத்தைந்து பேருக்கும் பூஜ்யம். இரண்டும் இரண்டும் நாலு என்று ஒரு பிள்ளையும் எழுதவில்லை. சரியாகப் போட்டால் கசப்பு மருந்து என்பது அவர்களுக்குத் தெரியும். ஜூன் மாதம் டிரஸ்ஸர் கட்டி பார்க்க வந்தபோது ஒவ்வொரு பிள்ளையும் மூச்சைப் பிடித்து வயிற்றை உப்பிக்கொண்டு பெஞ்சில் படுத்தது. இரண்டு பேரின் அம்மாக்கள் காலையில் வயிறு முட்டக் கஞ்சி ஊற்றி அனுப்பியிருந்தார்கள். வயிறு பெருத்தவனைத்தான் பட்டணத்துக்கு அனுப்புவார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஒன்பது வருஷத்தில் நான் சொல்லிக் கொடுத்த எதையும் அவர்கள் இவ்வளவு சுத்தமாகக் கற்றுக்கொண்டதில்லை. கணக்கைப் பழையபடி கொண்டுவர எனக்கு ஒரு வருஷமும் இரண்டு மாதமும் பிடித்தது. சரியாகப் போட்டவர்களுக்குக் கடலை மிட்டாய் கொடுத்துத்தான் கொண்டுவந்தேன். அந்தக் காசு தனிக் கணக்கு.

பெண் முப்பத்து மூன்று மாதம் படித்தாள். ஒவ்வொரு மாதமும் பணம் கட்டும் முன் இரண்டு தடவை எண்ணினேன், மறைக்க மாட்டேன். பள்ளிக்கூடம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கவே ஐந்து தடவை ரயிலில் போனேன். பதினாறு ஜன்னல், நான்கு உடைந்தவை. ஒழுக்கு இல்லை. 1934 டிசம்பரோடு படிப்பு முடிந்தது. அதற்கு மேல் வகுப்பு வேண்டுமானால் ஜோகூர் பாருவுக்குப் போக வேண்டும். என் சம்பளமும் அங்கே போயிருக்கும்.

பையன் பின்னாளில் டிரஸ்ஸர் ஆனான். வேறொரு தோட்டத்தில் பிள்ளைகளுக்குக் கட்டி பார்த்தான். என்னை எங்கே பார்த்தாலும் கைகூப்புவான்.

"நீங்க என்கிட்ட அப்பவே என்னமோ கண்டுபுடிச்சீங்க சார்."

"ஆமாம்," என்பேன். "கண்டுபுடிச்சோம்." பொய் இல்லை.

அந்தப் பெண் செனாயில் மளிகைக்கடை வைத்திருப்பவருக்கு வாழ்க்கைப்பட்டாள். கடை அவர் பெயரில், கணக்கு இவள் கையில். போன மாதம் செனாய்க்குப் போயிருந்தபோது என் நோட்டுப்புத்தகத்தை எடுத்துப் போனேன். கடன் கேட்கவில்லை, அது கடன் இல்லை. ஒரு மனிதன் செய்த தவறுக்கு எவ்வளவு ஆயிற்று என்பது எங்காவது ஒரு முறை சரிபார்க்கப்பட வேண்டும், அவ்வளவுதான். அவள் கல்லாவில் உட்கார்ந்தபடியே படித்தாள். கட்டணமும் அப்பாவுக்குக் கொடுத்ததும் எண்பத்திரண்டு வெள்ளி ஐம்பது காசு. புத்தகம் பதினாலு வெள்ளி இருபது காசு. துணி ஒன்பது வெள்ளி அறுபது காசு. என் ரயில் மூன்று வெள்ளி பத்துக் காசு. ஆக நூற்றொன்பது வெள்ளி நாற்பது காசு.

"தப்பு சார்," என்றாள்.

முப்பது வருஷமாக எட்டுத் தடவை கூட்டிப் பார்த்த கணக்கு. எங்கே தப்பு என்றேன்.

"கூட்டினது சரிதான். ஒண்ண விட்டுட்டீங்க. அந்தத் தாள்."

"அது பள்ளிக்கூடத்துத் தாள்."

"பள்ளிக்கூடத்துத் தாள் பிப்ரவரிலயே தீந்து போச்சு. இது உங்க சொந்தக் காசுல வாங்கினதுன்னு அன்னைக்குக் காலைல நாலு தடவ சொன்னீங்க. நான் எண்ணினேன்."

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கடைசி வரியைத் திருத்தினாள். மேலே இருந்த வெற்று இடத்தில் 'தலைப்பு எழுதாத செலவு' என்று எழுதி, என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். நூற்றொன்பது வெள்ளி நாற்பத்தொரு காசு.